தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

தேனிப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் தாத்தா பாட்டிமார் பெயர்களையும் வரிசையாக அச்சடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் இந்தக் காலத்துப் பெயர்கள். இரண்டு தலைமுறை மேலே போனால் மூக்கையா, மூக்கம்மாள், பிச்சை, பிச்சையம்மாள், குப்பம்மாள் என்று வரும். பேரப்பிள்ளைகள் அந்தப் பெயர்களைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. அந்தப் பெயர்கள் எதற்காக வைக்கப்பட்டன என்று தெரிந்தால் சிரிக்க மாட்டார்கள்.

முதல் பிள்ளையும் இரண்டாம் பிள்ளையும் தங்காமல் போன வீட்டில் மூன்றாவது பிறந்தால், அதைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்துக் ‘குப்பை’ என்று பெயரிடுவார்கள். ஆண் பிள்ளையானாலும் மூக்கைக் குத்தி வளையம் மாட்டி ‘மூக்கன்’, ‘மூக்கையா’ என்பார்கள். இன்னும் சில வீடுகளில் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிடு அளந்து போட்டுத் திரும்ப வாங்குவார்கள். தவிட்டு விலைக்கு வந்த பிள்ளையின்மேல் எமனுக்கும் ஆசை வராது, யார் கண்ணும் படாது என்பது கணக்கு. எட்கர் தர்ஸ்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்திய வழக்கங்களைத் தொகுத்தபோது இவற்றையும் பதிவு செய்தார். அவர் அதை மூடநம்பிக்கை என்ற தலைப்பின்கீழ் சேர்த்துவிட்டார். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு தாய்க்கு அது இருப்பதையெல்லாம் பணயம் வைத்துச் செய்த பாதுகாப்பு.

அந்தத் தாயின் நிலைமையை எண்ணிப் பார்க்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் பிறந்த நான்கைந்து குழந்தைகளில் ஒன்று முதல் பிறந்தநாளைக் கண்டதில்லை. அம்மை, காலரா, மலைக்காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வரிசையாகக் காத்திருந்தன. பச்சைக் குழந்தை ஒருவேளை பால் குடிக்க மறுத்தாலும் பெற்றவளுக்கு ஈரக்குலை நடுங்கும். இன்றைக்கு மனநல மருத்துவர்கள் ‘பதற்றம்’ என்று எழுதும் நிலை, அன்றைய பிள்ளைக்காரிகளுக்கு அன்றாட வாழ்க்கை. அந்தப் பயத்தோடு அவர்கள் பிள்ளை வளர்த்தார்கள். எப்படி வளர்த்தார்கள் என்பதற்கான சான்றுகள் சடங்குகளிலும் பெயர்களிலும்தான் அதிகம் மிஞ்சியிருக்கின்றன. அரசாங்கக் காகிதங்களில் நோய்க்கணக்கு இருக்கிறது. அம்மாக்களின் தூக்கக்கணக்கு எதிலும் இல்லை.

தவிட்டுச் சடங்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதை ஒருத்தி தனியாகச் செய்ய முடியாது. பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒரு பக்கத்து வீட்டுக்காரி வேண்டும், பார்த்துச் சாட்சி சொல்லத் தெரு வேண்டும். பிறகு அந்தப் பிள்ளை வளரும் காலம் முழுக்க ‘எங்கிட்ட வாங்குன பிள்ளை’ என்று உரிமை பேச ஒருத்தி இருந்தாள். பிள்ளை பெற்ற வீட்டிலும் இதே கதைதான். பச்சை உடம்புக்காரியைத் தனியே விடக்கூடாது, காத்து கருப்பு அண்டும் என்றார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள், தலைமாட்டில் இரும்பு வைத்தார்கள், பிள்ளையின் கையில் வசம்பு வளையல் போட்டார்கள். வேப்பிலையும் இரும்பும் என்ன செய்தனவோ, தனியே விடக்கூடாது என்ற விதி நன்மையே செய்தது. அம்மாச்சியோ சின்னம்மாவோ இரவெல்லாம் பக்கத்தில் படுத்திருந்தார்கள்.

இதை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் கூடாது. பிள்ளை தங்காவிட்டால் ‘அவ ராசி அப்படி’ என்று பழியும் அவள் தலையில்தான் விழுந்தது. பிள்ளை இல்லாதவளின் பார்வை படக்கூடாதென்று இன்னொருத்தியை வாசலிலேயே நிறுத்தினார்கள். ஒரு பெண்ணின் பயத்தை ஆற்றிய வழக்கமே இன்னொரு பெண்ணைக் குத்தியது.

பயத்துக்கென்று ஊரே ஒரு தேதி ஒதுக்கிய இடம் வீரபாண்டி. தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில், முல்லையாற்றங்கரையில் இருக்கிறது கௌமாரியம்மன் கோவில். சித்திரைத் திருவிழாவுக்கு முன் மூன்று கிளை கொண்ட கம்பம் நடுவார்கள். பெண்கள் ஆற்றில் குளித்து ஈரச்சேலையோடு குடம் குடமாய் அந்தக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். திருவிழா நாட்களில் இரவு பகல் என்ற பேதமே இருக்காது. தீச்சட்டி ஏந்தி வருகிறவர்கள், ஆயிரங்கண் பானை சுமந்து வருகிறவர்கள், உடம்பெல்லாம் சேறு பூசி வருகிறவர்கள் என்று லட்சக்கணக்கில் கூடும் கூட்டம் அது.

இந்த நேர்த்திகளில் பெரும்பாலானவற்றின் வேர் அம்மை. பிள்ளைக்கு முத்துப் போட்டால் வீட்டில் தாளிக்கமாட்டார்கள், தலைவாசலில் வேப்பிலை தொங்கும், வெளியாள் உள்ளே வரமாட்டார். அந்த நாட்களில் தாய் செய்யக்கூடிய வைத்தியம் ஏதுமில்லை. பிள்ளை கண் விழித்தால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பாள். துளை துளையான ஆயிரங்கண் பானை, உடம்பெங்கும் கண் திறந்த அம்மைக்கே உருவம். பிள்ளை பிழைத்தபின், சித்திரையில், அத்தனை பேர் முன்னிலையில் அந்தப் பயத்தைத் தலையில் சுமந்துபோய் இறக்கி வைத்தாள். பிள்ளை பிழைக்காதவளும் அதே கூட்டத்தில் நின்று தண்ணீர் ஊற்றினாள். துக்கத்தைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட கூட்டம் என்பதே அந்தத் திருவிழாவின் பெரிய குணம்.

பெரியம்மைக்குத் தடுப்பு இந்தியாவுக்கு வந்தது 1802-இல். அந்த ஆண்டு ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி அன்னா டஸ்தாலுக்குப் போட்டதுதான் முதல் தடுப்பூசி. சில மாதங்களில் சென்னை மாகாணத்துக்கும் வந்துவிட்டது. கிராமங்களுக்கு வந்து சேர்ந்து, நம்பிக்கை பெற நெடுங்காலம் பிடித்தது. அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றதும் பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்த கதைகள் தமிழ்நாடெங்கும் உண்டு. நல்லா விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கீறிக் காய்ச்சல் வரவைக்கிறானே என்று பயந்தவளைக் குறை சொல்வது எளிது. அவளுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கிச் சொன்னதில்லை. இந்தியாவின் கடைசி பெரியம்மை நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார். 1980-இல் உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வீரபாண்டியில் தீச்சட்டிகள் குறையவில்லை. இன்றும் பிள்ளையின் காய்ச்சலுக்கும் படிப்புக்கும் பிள்ளைவரத்துக்கும் சட்டி ஏந்துகிறார்கள்.

பள்ளத்தாக்கின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லோரும் பெரியாறு அணையில் நின்று கைகூப்புவார்கள். அது நியாயம்தான். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் இந்தப் பகுதியை உலுக்கிய பிறகு, 1886-இல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம் போட்டு, பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் பொறுப்பில் கட்டி, 1895-இல் தண்ணீர் திறந்தார்கள். கட்டும்போது மலைக்காய்ச்சலில் செத்த கூலிக்காரர்கள் ஏராளம். தண்ணீர் வந்தபின் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பக்கம் இருபோகம் நெல் விளைந்தது. பஞ்சத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த பயம் அந்தத் தலைமுறையோடு ஓரளவு அடங்கியது.

ஆனால் நெல்லோடு எலியும் வந்தது. 1896-இல் பம்பாயில் இறங்கிய பிளேக், பின்னர் கம்பம் பள்ளத்தாக்கிலும் புகுந்து, 1920-களிலும் 1930-களிலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. மாகாணத்தின் மற்ற பல இடங்களில் ஓய்ந்த நோய் இங்கே மட்டும் ஏன் நிலைகொள்கிறது என்று கேட்டு, ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் பள்ளத்தாக்கின் எலிகளையும் அவற்றின் தெள்ளுப்பூச்சிகளையும் ஆராய்ந்து, 1934-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். குளிர்ந்த காற்றும் நெல் வணிகமும் சேர்ந்த இந்தத் தாழ்நிலம் எலிக்கும் பூச்சிக்கும் வசதியாக இருந்திருக்கிறது.

வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் ஊரைக் காலி செய் என்பது அக்கால நடைமுறை. ஓட்டு வீடும் நெற்குதிரும் இருந்தவர்களும் ஊருக்கு வெளியே ஓலைக்குடிசை போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் கிடந்தார்கள். கைக்குழந்தையோடு வெட்டவெளியில், பனியில், பிள்ளையின் அக்குளையும் தொடையிடுக்கையும் நாளுக்குப் பலமுறை தடவிப் பார்த்துக்கொண்டு ஒரு தாய் கழித்த இரவுகளை அந்த 1934-ஆம் ஆண்டுக் கட்டுரையில் தேடினால் கிடைக்காது. எலிகளைப் பற்றிய கட்டுரையில் அதற்கு இடமும் இல்லை. வரலாறு எழுத வருகிறவர்கள்தான் அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

அதே காலத்தில் பள்ளத்தாக்கின் பிரமலைக் கள்ளர் வீடுகளில் இன்னொரு வகை இரவு இருந்தது. குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் ஆண்களின் கைரேகையைப் பதிந்து, இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வைத்தார்கள். கைரேகை பதிய மறுத்த, உசிலம்பட்டி அருகே உள்ள பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் மடிந்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது 1947-இல். அதுவரை ராத்திரி பிள்ளைக்கு வலிப்பு வந்தாலும் தூக்கிக்கொண்டு ஓட வீட்டில் ஆண் இல்லை. ஒரு சட்டம் குற்றவாளி என்று பெயர் சூட்டியது ஆண்களுக்கு. ராத்திரிகளைத் தனியே காத்தவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள்.

மேற்கே மலையேறினால் ஏலத்தோட்டம். 1928-இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது. ஏலக்காய் வணிகத்துக்குப் போடிதான் வாசல். தோட்டங்கள் இருப்பது அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். வேலைக்குப் போகும் கைகள் பெரும்பாலும் பள்ளத்தாக்கின் தமிழ்ப் பெண்களுடையவை. முன்பு பருவத்துக்கு மலையிலேயே லயம் என்ற வரிசை வீடுகளில் தங்கினார்கள். கைக்குழந்தையை மரக்கிளையில் சேலைத் தூளி கட்டிப் போட்டுவிட்டு, அட்டையும் பாம்பும் உள்ள ஈர நிலத்தில் காய் எடுத்தார்கள். காது மட்டும் தூளியிலேயே இருக்கும்.

சாலை வசதி வந்த பிறகு ஜீப் வந்தது. கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி என்று ஊர் ஊராக விடியுமுன் ஜீப்புகள் நிரம்பி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக மலையேறுகின்றன. சாயங்காலம் திரும்புகின்றன. பிள்ளை தூங்கும்போதே தாய் கிளம்பிவிடுவாள். அங்கன்வாடி திறக்க இன்னும் நேரம் கிடக்கும். அந்த இடைவெளியை நிரப்புவது அப்பத்தா. அப்பத்தா இல்லாத வீட்டில் மூத்த பெண்பிள்ளை, அவளுடைய பள்ளிக்கூடத்தை விலையாகக் கொடுத்து. ஆட்களை அடைத்துச் செல்லும் ஜீப்புகள் கவிழ்ந்த செய்திகள் இந்த மலைச்சாலைகளுக்குப் புதிதில்லை. மேலே இருப்பவளுக்குப் பிள்ளையைப் பற்றிய பயம், கீழே இருக்கும் பிள்ளைக்கு ஜீப்பைப் பற்றிய பயம்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்கள் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனாவைப் பெயர் சொல்லிக் குறித்த அந்தச் சட்டத்தில் ஏலம் சேர்ந்தது 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். இருபது பிள்ளைகள் இருந்தாலும் காப்பகம் கட்டாயம் என்பதும் அப்போது வந்தது. பெரிய எஸ்டேட்டை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. சின்னச் சின்ன ஏலத்தோட்டங்களுக்குக் காலையில் வந்து மாலையில் போகும் பெண்களுக்கு அது எட்டவில்லை. பிள்ளை ஒரு மாநிலத்தில், தாய் இன்னொரு மாநிலத்தில் என்றால் காப்பகம் எங்கே கட்டுவது என்ற கேள்வியைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

மாநில எல்லை அவ்வப்போது தன் இருப்பைக் காட்டும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை விவகாரம் கொதித்தபோது, இடுக்கியில் வேலைக்குப் போயிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் காட்டுப் பாதையில் நடந்து தேனி மாவட்டத்துக்கு இறங்கின. இடுப்பில் பிள்ளையோடு மலையிறங்கிய அந்த நடை, நதிநீர் அரசியல் பேசும் எந்த மேடையிலும் சரியாக நினைவுகூரப்படவில்லை. 2020-இல் கொரோனாவுக்காகச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டபோது கூலியே நின்றது.

இந்தப் பள்ளத்தாக்கிலும் பக்கத்து உசிலம்பட்டியிலும் தாயின் பயத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்த வரலாறு பொய்யாகிவிடும். 1986 ஜூனில் ஒரு தேசிய இதழ் உசிலம்பட்டிப் பெண்சிசுக் கொலையை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. வேண்டாத பெண்சிசுவை அரசிடம் ஒப்படைக்க வழிசெய்யும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது. 2001-இல் அது தேனி, மதுரை, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும் விரிந்தது. தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா 1994-இல் இதை வைத்து ‘கருத்தம்மா’ எடுத்தார். கொலை என்றும் வழக்கு என்றும் பேசியவர்கள் பலர். இரண்டாவதும் பெண்ணாய்ப் பிறந்துவிட்ட வீட்டில், யார் கை எப்போது நீளும் என்று தெரியாமல் பிள்ளையை மார்போடு அணைத்தபடி கண் மூடாதிருந்த தாய்மார்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அந்தப் பயத்தை மந்திரித்துத் தீர்க்க முடியாது. ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருந்தது.

பயத்தின் காரணங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிய பெருமை பெரும்பாலும் பெயர் தெரியாத பெண்களுக்குரியது. கம்பம் பள்ளத்தாக்கு முன்பு மதுரை மாவட்டத்தில் இருந்தது. தேனி தனி மாவட்டமானது 1996-இல்தான். அந்த மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் 1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் சோதனையாகத் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு அட்டையில் கோடு போட்டார்கள். கோடு தாழ்ந்தால் சத்துருண்டை கொடுத்தார்கள். ‘பிள்ளை தேறுதா’ என்ற தாயின் கேள்விக்கு முதன்முறையாக அவள் கண்ணாலேயே பார்க்கக்கூடிய பதில் கிடைத்தது. தராசில் ஏறிய நூறு கிராம், எந்த ஆறுதல் வார்த்தையையும் விடப் பெரிது. 1982-இல் சத்துணவு வந்தது, கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாக வந்தார். தமிழ்நாட்டில் 1971-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். 2020-இல் அந்த எண் 13.

இவ்வளவு குறைந்த பின்னும் தாயின் படபடப்பு அதே அளவில் குறையவில்லை. இது முரண்பாடு போலத் தோன்றும். ஆனால் பயத்தை ஊரோடு பங்கிட்டுக்கொள்ள இருந்த வழிகளும் இதே காலத்தில் குறைந்துவிட்டன. பிரசவத்துக்குப் பின் பக்கத்தில் படுக்க அம்மாச்சிக்கு நேரமில்லை, அவரும் ஜீப்பில் போகிறார். பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைப் பற்றி வேலூர் அருகே கணியம்பாடியில் நடந்த ஆய்வு 2002-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியானது. கிராமத்துத் தாய்மார்களில் நூற்றுக்குப் பதினொரு பேருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. குறைந்த வருமானம், ஆண் வேண்டும் என்ற வீட்டில் பிறந்த பெண், மாமியாரோடு மனத்தாங்கல், கைகொடுக்க ஆள் இல்லாமை ஆகியவை காரணங்களாக நின்றன. மனச்சோர்வும் பதற்றமும் பல தாய்மார்களுக்கு ஒன்றாகவே வருகின்றன. கணியம்பாடிக்குச் சொன்ன காரணங்களில் கம்பத்துக்குப் பொருந்தாதது ஒன்றுமில்லை.

சட்டம் இப்போது ஒரு படி முன்னால் வந்திருக்கிறது. மனநலச் சிகிச்சைக்குச் சேரும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொதுவாகப் பிரிக்கக்கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2009 முதல் தாயையும் குழந்தையையும் சேர்த்தே வைத்துச் சிகிச்சை தரும் பிரிவை நடத்துகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம், ‘அம்ம மனசு’ என்ற திட்டத்தில் கர்ப்பிணிகளிடமும் பிள்ளை பெற்றவர்களிடமும் மனநிலையைக் கேட்டறியச் செவிலியர்களுக்குப் பயிற்சி தருகிறது. கம்பத்துப் பெண்கள் தினமும் வேலைக்குப் போய்வரும் மாநிலத்திலேயே அது நடக்கிறது.

தமிழ்நாட்டில் தடுப்பூசி போடுவது புதன்கிழமைகளில். பள்ளத்தாக்கின் ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்துக்கும் அன்றைக்குக் கைப்பிள்ளைக்காரிகள் வருகிறார்கள். பிள்ளையின் எடை, அடுத்த ஊசியின் தேதி எல்லாம் அட்டையில் ஏறுகின்றன. ‘உனக்குத் தூக்கம் வருதா தாயி, மனசு படபடன்னு அடிக்குதா, ராத்திரி கூட யார் இருக்கா’ என்று அந்த இடத்திலேயே அவளையும் கேட்பதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். அட்டையில் இன்னும் ஒரு வரியும், செவிலியருக்குச் சில நாள் பயிற்சியும் போதும். தேனி மாவட்ட நிர்வாகம் இதைத் தொடங்க வேண்டும். வீட்டில் இருக்கும் ஆண்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, இன்றிரவே பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கச் சொல்லலாம். பேச ஆள் இல்லாதவர்கள் டெலி-மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழில் பேசுவார்கள்.